கையால் கோர்த்த நினைவகம்

ரேம் விற்கிற விலையைப் பார்த்தீர்களா? செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை வாரிக்கொண்டு போகின்றன. லாபம் அங்கேதான் என்று, மைக்ரான் நிறுவனம் தன் ‘குரூஷியல்’ சில்லறை வியாபாரத்திலிருந்தே விலகுவதாக 2025 டிசம்பரில் அறிவித்துவிட்டது. அமெரிக்காவில் மழை பெய்ய, எங்கள் ஊர் பள்ளிப்பட்டில் எனக்குத் தும்மல்.

என்னிடம் ஒரு கிழட்டு டெஸ்க்டாப் இருக்கிறது. தட்டச்சுக்கும் மின்னஞ்சலுக்கும் இன்னொரு 4 ஜிபி போட்டால் போதும். கடைக்காரத் தம்பியோ, “நாலெல்லாம் இப்ப யாரு சார் போடுறாங்க? பதினாறா போட்டுடுங்க” என்கிறார். போர்டு டிடிஆர்3-ஆ, டிடிஆர்4-ஆ என்று கேட்கவில்லை. முதலாவதுக்கு 240 பின், அடுத்ததுக்கு 288. வெட்டு இருக்கும் இடமும் மாறியிருக்கும், ஒன்றின் ஸ்லாட்டில் மற்றது இறங்காது. விண்டோஸ் 32 பிட்டா என்றும் கேட்கவில்லை. அப்படியானால் 4 ஜிபிக்கு மேல் போடுவது வீண். ஒரே அளவில் ஜோடியாகப் போட்டால் வேகம் கூடும் என்பதையும் நானே சொல்ல வேண்டியிருந்தது. என்ன வேலைக்கு என்ற கேள்வியே வியாபாரத்தில் இல்லை.

வேலைக்கு அளவான நினைவகம் என்றால் அப்போலோவைத்தான் சொல்வேன். 1969-இல் நிலவில் மனிதரை இறக்கிய கணினியில், அழித்து எழுதும் நினைவகம் 2,048 சொற்கள். இன்றைய கணக்கில் 4 கேபி. ஒரு 8 ஜிபி ரேமுக்குள் அதைப் போல இருபது லட்சம் அடங்கும். மாறாத நிரல்களுக்குத் தனியாக 36,864 சொற்கள். அவற்றைக் கையால் கோர்த்தார்கள்! மாசசூசெட்ஸ் மாநிலத்து வால்தமில், ரேதியான் தொழிற்சாலைப் பெண்கள். காந்த வளையத்துக்குள் கம்பி நுழைந்தால் ஒன்று, ஒதுங்கிப் போனால் பூஜ்யம். நெசவாலைகளில் கை பழகிய பெண்களும் அவர்களில் இருந்தார்கள்.

காந்த வளையங்கள் நம் நாட்டிலும் இருந்தன. மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில், சென்னையில் பிறந்த ஆர். நரசிம்மன் தலைமையில் உருவாகி 1960-இல் இயங்கத் தொடங்கிய டிஃப்ராக் கணினிக்கும் காந்த வளைய நினைவகம்தான். குறுக்கும் நெடுக்குமாகக் கம்பிகள், அவை சந்திக்கும் இடத்தில் ஒரு வளையம். எங்கள் பக்கத்துப் பொதட்டூர்பேட்டையிலோ அம்மையார்குப்பத்திலோ பாவு பிணைக்கும் அக்காவிடம் காட்டுங்கள். பாவும் ஊடையும்தானே என்பார்.

அந்த வீட்டுப் பிள்ளையிடம் நாம் என்ன சொல்லி வளர்க்கிறோம்? தறி பழசு, கணினி புதுசு, இரண்டுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை என்று. நிலவுக்குப் போன நிரலை ஒரு நெசவுக்காரியின் விரல்கள் கோர்த்திருக்கக்கூடும் என்று எந்த வகுப்பில் சொல்கிறோம்? ரேம் விலையைவிட இதுதான் எனக்குப் பெரிய எரிச்சல்.

எங்கள் பக்கத்துக் கணினி ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: நினைவகப் பாடம் வரும்போது ஒரு வகுப்பையாவது தறிக்கூடத்தில் நடத்துங்கள்.