வெளுத்த நெற்பயிருக்கு வேண்டுவது யாது?

நட்ட நெற்பயிர் வெளுத்தவுடன் யூரியா மூட்டையைப் பிரிப்பது குடியானவர்களிடையே பெருவழக்காய் இருந்து வருகிறது. வெளுப்புக்கெல்லாம் தழைச்சத்துக் குறைவே காரணம் எனக் கொள்வது சரியன்று. இலையைப் பாராமல் உரமிடுவோர் பணத்தையும் பருவத்தையும் ஒருங்கே இழக்கின்றனர்.

தழைச்சத்துக் குறைந்தால் அடியிலைகள் ஒரே சீராக மஞ்சளாகும். துத்தநாகம் குறைந்தாலோ, நட்ட இரண்டு முதல் நான்கு வாரங்களுக்குள் இளம் இலைகளின் நடுநரம்பு அடிப்பாகத்தில் வெளுக்கும். முதிர்ந்த இலைகளில் துருநிறப் புள்ளிகள் பரவும். பயிர் திட்டுத் திட்டாகக் குட்டையாய் நிற்கும். வட இந்தியாவின் தராய்ப் பிரதேசத்தில் 'கைரா' என வழங்கிய நெல் நோய் இத்தகையதே. அது துத்தநாகக் குறைவால் நேர்வது என்பதைப் பந்த்நகர் சர்வகலாசாலையைச் சேர்ந்த ஒய். எல். நேனே 1966-ல் வெளிப்படுத்தினார்.

பயிர் கொள்ளும் துத்தநாகம் மிகச் சொற்பமே. எனினும், பயிரில் புரதமும் வளர்ச்சிப் பொருள்களும் உண்டாவதற்கும், வறட்சியையும் களரையும் தாங்கும் வலிமைக்கும் அது இன்றியமையாதது. தழை, மணி, சாம்பல் ஆகிய மூன்று சத்துக்களை எவ்வளவு கொட்டினாலும் அவை அதன் இடத்தை நிரப்பமாட்டா. களர் நிலத்திலும், சுண்ணாம்பு மிகுந்த நிலத்திலும், இடைவிடாது நீர் தேங்கும் வயலிலும் துத்தநாகம் மண்ணில் இருந்தும் வேருக்கு எட்டாமற்போகிறது. மணிச்சத்து உரத்தை அளவுமீறி இடுவது இக்குறையை இன்னும் மிகுவிக்கும்.

பரிகாரம் எளிது. ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட்டை 20 கிலோ மணலுடன் கலந்து, கடைசி உழவு முடிந்து நடுவதற்கு முன் சேற்றின்மேல் தூவவேண்டும். மணிச்சத்து உரத்துடன் கலத்தலாகாது. நின்ற பயிரில் குறை கண்டால் வயலின் நீரை வடித்து, 100 லிட்டர் தண்ணீரில் அரைக் கிலோ துத்தநாக சல்பேட்டும் 1 கிலோ யூரியாவும் கரைத்துத் தெளிக்கலாம்.

ஆயினும், நுண்சத்து என்று பெயரிட்டு விற்பதையெல்லாம் வாங்குவதும் வீண்செலவே. மண்ணில் ஒருமுறை இட்ட துத்தநாகம் பின்வரும் சில போகங்களுக்கும் பயன்படும். ஆகையால் போகந்தோறும் இடுதல் அவசியமன்று. மண்பரிசோதனையே இதற்கு வழிகாட்டி. 2015-ல் மத்திய சர்க்கார் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டத்தில் துத்தநாகம் உள்ளிட்ட 12 விவரங்கள் குறிக்கப்படுகின்றன. அட்டையைப் பெட்டியில் பூட்டி வைத்து யாது பயன்? கிராம அதிகாரிகள் அதனை ஊர்க் கூட்டத்தில் படித்து விளக்குவார்களாயின், பெருஞ்செலவின்றியே மகசூலைக் காக்கலாம்.