பார்க்காத பழுது

தமிழில் ‘ரிப்பேர்’ என்பதற்கு ஒரு நல்ல சொல் இருக்கிறது: பழுது பார்த்தல். நீக்குதல், சரிசெய்தல் என்றெல்லாம் சொல்லாமல் ‘பார்த்தல்’ என்று வைத்தவர் பட்டறையில் உட்கார்ந்தவராகத்தான் இருக்க வேண்டும். எங்கே உடைந்திருக்கிறது என்று பார்த்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. இந்தப் ‘பார்’ வேலை பார்ப்பதில் வரும் ‘பார்’தானே, கண்ணால் பார்ப்பது இல்லையே என்று இலக்கணம் தெரிந்தவர்கள் சண்டைக்கு வரலாம். வரட்டும். நம் கார் இன்சூரன்ஸ்காரர்கள் அந்தச் சொல்லின் இரண்டு அர்த்தத்தையுமே கைவிட்டுவிட்டார்கள் என்பதுதான் என் வழக்கு.

நான் பேசுவது பின்னால் இடிபட்ட கார்களைப் பற்றி. முன்னால் இடிபட்டால் வண்டியே கூச்சல் போடும். பானட் மடங்கும், ரேடியேட்டர் ஒழுகும், நடுரோட்டில் நிற்கும். யாரும் மறைக்க முடியாது. பின்னால் இடிபட்ட வண்டி அப்படி இல்லை. ஸ்டார்ட் ஆகும், ஓடும், நாமே ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடலாம். அதனாலேயே எல்லோரும் அதை ‘சின்ன அடி’ என்கிறார்கள்.

பின் பம்பர் என்று நாம் தொட்டுக் காட்டுவது பிளாஸ்டிக் உறை மட்டும்தான். இடியைத் தாங்குவது அதன் வேலை இல்லை. அதற்குள்ளே தெர்மோகோல் மாதிரி ஒரு கட்டி, அதற்கும் உள்ளே குறுக்காக ஓர் இரும்புச் சட்டம், சட்டத்தை வண்டியின் உடம்போடு சேர்க்கும் இரண்டு நசுங்கு பெட்டிகள், அப்புறம் டிக்கியின் பின்சுவரான எண்ட் பேனல், ஸ்டெப்னி உட்காரும் குழி, அதற்கு இருபுறமும் நீளவாக்கில் ஓடும் சேசிஸ் கால்கள். எல்லா வண்டியிலும் எல்லாம் இருக்காது. சில சின்னக் கார்களில் ஒன்றிரண்டைக் கம்பெனியே விழுங்கியிருக்கும். இடி விழுந்ததும் பிளாஸ்டிக் உள்ளே போய், பிறகு வெளியே துள்ளி வந்துவிடும். இரும்புக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. மடங்கியது மடங்கியதுதான். அதிலும் நசுங்குவதற்கென்றே செய்த பாகம் ஒரு முறைதான் ஒழுங்காக நசுங்கும். அதைத் தட்டி நிமிர்த்தி, கறுப்புப் பெயின்ட் அடித்து மறுபடி மாட்டினால், அடுத்த இடியில் அது எப்படி மடங்கும் என்று அதைச் செய்தவருக்கே தெரியாது. இவ்வளவுக்கும் பின்னால் உட்கார்ந்திருப்பது யார்? பெரும்பாலும் நம் குழந்தைகள், நம் அம்மா அப்பா.

ஸ்டார் ரேட்டிங் பார்த்துத்தானே வாங்கினோம் என்று ஆறுதல் அடைய வேண்டாம். 2023 அக்டோபரில் தொடங்கிய பாரத் என்கேப், முதலில் வைத்த மோதல் சோதனைகள் முன்பக்கத்துக்கும் பக்கவாட்டுக்கும்தான். பின்னாலிருந்து இடித்துப் பார்த்துக் கொடுத்த நட்சத்திரம் இல்லை அது.

இனி சர்வேயர். 1938-ஆம் வருட இன்சூரன்ஸ் சட்டத்தின் 64 யூ.எம். பிரிவு, குறிப்பிட்ட தொகைக்கு மேற்பட்ட நஷ்டத்தை உரிமம் பெற்ற சர்வேயர் மதிப்பிட வேண்டும் என்கிறது. காகிதத்தில் அவர் நடுநிலையாளர். ஆனால் அவரைக் கூப்பிடுவதும் இன்சூரன்ஸ் கம்பெனி, ஃபீஸ் கொடுப்பதும் அதே கம்பெனி. இன்னொரு பக்கம் ‘கேஷ்லெஸ்’ பட்டறை. அதற்கு மாதம் இத்தனை வண்டி வருவது கம்பெனியோடு இருக்கும் ஒப்பந்தத்தால். இந்த இருவரும் சேர்ந்து என் வண்டியைப் பற்றிப் பேசி முடிவெடுக்கும்போது, பிரீமியம் கட்டியவன் கஸ்டமர் லவுஞ்சில் உட்கார்ந்து மெஷின் காபி குடித்துக்கொண்டிருப்பான். கெட்டவர்கள் என்று யாரையும் நான் சொல்லவில்லை. உள்ளே பார்க்காமல் இருப்பதால் இருவருக்கும் லாபம், பார்ப்பதால் இருவருக்கும் தொந்தரவு. அப்படி ஓர் ஏற்பாட்டில் நல்லவர்களும் பார்க்க மாட்டார்கள்.

என் வண்டியையே எடுத்துக்கொள்கிறேன். பெருங்களத்தூர் அருகே சிக்னலில் நின்றிருந்தபோது ஒரு மினி லாரி பின்னால் வந்து சாத்தியது. ஓட்டி வந்த பையனுக்கு இருபது வயதுகூட இருக்காது, கை நடுங்கிக்கொண்டிருந்தது. யாருக்கும் அடி இல்லை. கூட்டத்தில் ஒருவர், “ரெண்டாயிரம் வாங்கிட்டு விடுங்க சார், பாவம்” என்று தீர்ப்பே சொல்லிவிட்டார். வண்டி நம்பர், போட்டோ, பையனின் லைசென்ஸ், இன்சூரன்ஸ் காகிதம் எல்லாவற்றையும் படமெடுத்துக்கொண்டு, பணம் வாங்காமல் பட்டறைக்குப் போனேன். சர்வேயர் வந்தார், போனில் ஏழெட்டுப் படம் எடுத்தார். பம்பரைக் கழற்றச் சொன்னேன்.

“அப்ரூவல் வரட்டும் சார், அப்புறம் கழட்டிடலாம்” என்றார் அட்வைசர்.

கவனியுங்கள். எது உடைந்திருக்கிறது என்று பார்ப்பதற்கு முன்பே, எதை மாற்ற வேண்டும் என்று அப்ரூவல் வருகிறது! பம்பர் உறை மாற்றலாம், டிக்கி கதவுக்கு டிங்கரிங், ஒரு டெயில் லாம்ப், பெயின்ட். அவ்வளவுதான். உள்ளே வேறு ஏதாவது தெரிந்தால் ‘சப்ளிமென்டரி எஸ்டிமேட்’ போட வேண்டும், சர்வேயர் மறுபடி வர வேண்டும், வண்டி இன்னும் நாலு நாள் இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும். எனவே தெரியாது. தெரிந்தாலும் தெரியாது.

ஒன்பதாம் நாள் வண்டி பளபளவென்று வந்தது. கூடவே ஒரு காகிதம்: வேலை எனக்கு முழுத் திருப்தி, இனி கோரிக்கை எதுவும் இல்லை. கையெழுத்துப் போட்டால்தான் சாவி. நான் கையெழுத்துக்குக் கீழே, ‘வெளியே தெரியும் பாகங்களை மட்டும் பார்த்தேன், உள்பாகங்களுக்கு இது பொருந்தாது’ என்று தமிழில் எழுதினேன். அட்வைசர் முகம் மாறியது. “இப்டி யாரும் எழுத மாட்டாங்க சார்” என்றார். எழுத வேண்டும் என்பதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

டிக்கி இரண்டு தடவை அறைந்தால்தான் மூடியது. அடுத்த மழையில் ஸ்டெப்னிக் குழிக்குள் தண்ணீர். புதுப்பேட்டையில் நாற்பது வருடமாக டிங்கர் வேலை செய்யும் ஒரு பாயிடம் கொண்டுபோனேன். அவர் மேட்டைத் தூக்கினார், டார்ச் அடித்தார், விரல் நகத்தால் ஓர் இடத்தைச் சுரண்டினார். பிறகு கிளிப்புகளையும் ஸ்குரூக்களையும் கழற்றி பம்பரை இறக்கி வைத்தார். ஒரு டீ ஆறும் நேரம்கூட ஆகவில்லை. எண்ட் பேனல் மடங்கி, அதன் மேல் பட்டி வைத்துத் தேய்த்திருந்தார்கள். தகடும் தகடும் சேரும் இடத்தில் சீலர் வெடித்திருந்தது. குறுக்குச் சட்டம் பழைய சட்டமேதான், தட்டி நிமிர்த்தியது, சுத்தியல் தடம்கூட அப்படியே. “மேல பவுடர் போட்டு அனுப்பிட்டாங்க தம்பி” என்றார் பாய். அந்த டீ நேரம்தான் ஒன்பது நாளில் யாருக்கும் கிடைக்கவில்லை.

பணக் கணக்குக்கு வருகிறேன். அதில்தான் நம் ஆட்கள் எல்லோரும் கோபப்படுகிறார்கள், எனக்கும் கோபம் உண்டு. சாதாரண பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்கு 50% தேய்மானம் பிடிப்பார்கள். வண்டி நேற்று ஷோரூமை விட்டு வந்திருந்தாலும் 50%தான். ஏர்பேக்குக்கும் அதே 50%. இரும்புக்கு வயதைப் பொறுத்து: முதல் ஆறு மாதம் பூஜ்யம், ஐந்து வருடத்தைத் தாண்டினால் 40%. இதிலிருந்து தப்பிக்க ‘ஜீரோ டெப்’ எடுக்க வேண்டும். ஏஜென்டுகள் அதைத்தான் ‘பம்பர் டு பம்பர்’ என்பார்கள். அந்தப் பெயரைக் கேட்டு எல்லாமே அதில் அடக்கம் என்று நினைத்தவர்கள் ஏராளம். 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம், புது வண்டிகளுக்கு ஐந்து வருடத்துக்கு ‘பம்பர் டு பம்பர்’ கட்டாயம் என்று உத்தரவிட்டு, இப்போதைக்கு நடைமுறைக்கு ஒத்துவராது என்று அடுத்த மாதமே திரும்பப் பெற்றது. அந்தப் பெயரை ஆளாளுக்கு எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்று அந்த ஒரு மாதத்துச் செய்திகளைப் படித்தால் தெரியும்.

அடுத்தது போனஸ். இடித்தது அவன். ஆனால் அவனுடைய இன்சூரன்ஸிலிருந்து வாங்க வேண்டுமென்றால் போலீஸ், விபத்துத் தீர்ப்பாயம், வருடக்கணக்கு. அடிபட்டது வெறும் தகடு என்றால் ஸ்டேஷனில் எழுதி வாங்குவதற்குள் நமக்கு வயதாகிவிடும். எனவே என் பாலிசியிலேயே கிளெய்ம் போட்டேன். போட்ட கணமே என் ‘நோ கிளெய்ம் போனஸ்’ 50%-இலிருந்து பூஜ்யம். சொந்த வண்டிக்கான பிரீமியம் போனஸ் இல்லாமல் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் கட்டிவந்தது 5,000. இனி முதல் வருடம் 10,000, அப்புறம் 20, 25, 35, 45 என்று படியேறி மறுபடி 50%-ஐத் தொடுவதற்குள் 12,500 ரூபாய் கூடுதலாகக் கட்டியிருப்பேன். தப்பு செய்யாதவனுக்கான அபராதம் அது.

ஆனாலும் இந்தக் கோபத்தை நான் இரண்டாவதாகத்தான் வைக்கிறேன். தேய்மானமும் போனஸும் பாலிசியில் எழுதியிருக்கிறது. கறாரானது, அநியாயமானது, ஆனால் அச்சில் இருக்கிறது. மடங்கிய சட்டத்தைப் புதுப் பம்பருக்குள் ஒளித்து வைப்பது எந்தப் பாலிசியில் எழுதியிருக்கிறது? அங்கே எழுதியிருப்பது வேறு. வண்டியை ரிப்பேர் செய்து கொடுப்பதா, பாகத்தை மாற்றுவதா, பணமாகக் கொடுப்பதா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை கம்பெனிக்கு. சரி, எடுத்துக்கொள்ளுங்கள். ரிப்பேர் என்று நீங்களே தேர்ந்தெடுத்தால், விபத்துக்கு முந்தைய நிமிடம் அந்த வண்டி எப்படி இருந்ததோ அப்படிக் கொடுக்கும் கடமையும் உங்களுடையதுதானே? நஷ்டத்தை ஈடுகட்டுவது என்றால் அதுதானே பொருள்? வாக்கியத்தின் முன்பாதி மட்டும் கம்பெனிக்குப் பிடிக்கிறது.

ஒழுங்குமுறை ஆணையம் தூங்குகிறதா என்றால், இல்லை. அதன் 2024 ஜூன் சுற்றறிக்கைப்படி, தகவல் கொடுத்த 24 மணி நேரத்துக்குள் சர்வேயரை நியமிக்க வேண்டும், 15 நாளில் அறிக்கை வர வேண்டும், அதிலிருந்து 7 நாளில் கம்பெனி முடிவு சொல்ல வேண்டும். நல்லதுதான். ஆனால் எல்லாமே கடிகாரத்தைப் பற்றிய விதிகள். சீக்கிரம் பார் என்கிறது, உள்ளே பார் என்று சொல்லவில்லை. பின்னால் இடிபட்ட வண்டி என்றால் பம்பரை இறக்கிய பிறகு எடுத்த படம் இல்லாமல் சர்வே அறிக்கை செல்லாது என்று ஒரே ஒரு வரி போதும். பிரீமியம் ஏறிவிடும் என்பார்கள். இரும்பை மாற்றுவதற்கும் சேர்த்துத்தானே இப்போது பிரீமியம் வாங்குகிறீர்கள்?

சர்வேயர் எழுதியதே வேதம் என்று பட்டறையில் சொல்வார்கள். வேதம் இல்லை. சர்வே அறிக்கை முக்கியமானது, ஆனால் அதுவே இறுதி அல்ல, ஆதாரம் இருந்தால் விலகலாம் என்று உச்ச நீதிமன்றம் 2009-இல் பிரதீப் குமார் வழக்கில் சொல்லிவிட்டது. பாலிசிதாரர் விரும்பினால் அறிக்கையின் நகலைக் கொடுக்க வேண்டும் என்பது 2002-லேயே ஆணைய விதிகளில் வந்துவிட்டது. நான் கேட்டபோது, “அது இன்டர்னல் டாகுமென்ட் சார்” என்றார்கள். மறுபடி எழுத்தில் கேட்டேன், வந்தது. உள்பாகங்களைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. பாய் இறக்கிய பம்பரின் படங்கள், அந்த அறிக்கை, என் தமிழ் வரியோடு கூடிய திருப்திக் காகிதம் மூன்றையும் இணைத்து கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு மெயில் அனுப்பினேன். 30 நாளில் பதில் இல்லையென்றால் தேனாம்பேட்டையில் இருக்கும் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போவேன் என்றும் எழுதினேன். அங்கே மனுவுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம்.

பன்னிரண்டாம் நாள் வேறொரு சர்வேயர் வந்தார். இந்த முறை குனிந்து பார்த்தார். சட்டம், நசுங்கு பெட்டிகள், எண்ட் பேனல் எல்லாம் புதிது என்று அப்ரூவல் ஆனது. வண்டியை பெஞ்சில் ஏற்றி அளவெடுத்து இழுத்தார்கள். 

இதைச் சொன்னபோது எழுதுகிற நண்பர் ஒருவர், “ஒரு டப்பா காருக்கு இவ்வளவா? விடுய்யா” என்றார். ஒரு சிறுகதையில் தேவையில்லாமல் விழுந்த பெயரடைக்காக ராத்திரி இரண்டு மணி வரை சண்டை போடுகிறவர் அவர். தன் மகளைத் தினமும் பின்சீட்டில் உட்கார வைத்து ஸ்கூலுக்குக் கூட்டிப்போகிற வண்டியின் பாலிசியில் ஒரு வரிகூடப் படித்ததில்லை. அது ஆங்கிலத்தில், எறும்பு எழுத்தில் இருக்கிறது என்பது உண்மைதான். தமிழில் கொடு என்று இதுவரை நாம் யாராவது கேட்டோமா?

இரண்டாம் முறை வண்டியை எடுக்கப் போனபோது பக்கத்து பேயில் ஏழு சீட் வண்டி ஒன்று நின்றிருந்தது. அதுவும் பின்னால் வாங்கிய அடிதான். டிக்கி கதவில் பட்டி காய்ந்துகொண்டிருந்தது, புதுப் பம்பர் மாட்டியாகிவிட்டது. அந்த மாதிரி வண்டிகளில் கடைசி வரிசை சீட்டுக்கும் பின் கதவுக்கும் நடுவே ஒரு முழம் இடம் இருந்தால் பெரிது. உள்ளே கழற்றிப் பார்த்தீர்களா என்று அதே அட்வைசரிடம் கேட்டேன்.

“கஸ்டமர் எதுவும் கேக்கல சார்” என்றார்.