கேலரி இருக்கட்டும்... கிரவுண்டு எங்கே?

கமுதிப் பக்கம் ஃபுட்பால் சீசன் எப்போது என்று கேட்டால், 'கண்மாய் வத்துனதும்' என்பதுதான் பதில். மாசி, பங்குனியில் தண்ணீர் உள்வாங்கி, களிமண் தரை காய்ந்து வெடிப்பு விட்டதும் பசங்க இறங்கிவிடுவார்கள். முதல் வேலை, சீமைக்கருவேல முள் பொறுக்குவது. இரண்டாவது வேலை, கோல் போஸ்ட்டுக்குச் செங்கல் தேடுவது. செங்கல் கிடைக்காத நாளில் நாலு செருப்பு போதும். ஐப்பசியில் மழை இறங்கினால் மைதானம் தண்ணீருக்குள் போய்விடும், சீசன் முடிந்தது. ஊரே மழைக்காகக் கும்பிடும்போது, கோல்கீப்பர் மட்டும் மனசுக்குள் 'இன்னும் ரெண்டு வாரம் கழிச்சுப் பெய்யட்டுமே' என்று வேண்டிக்கொண்டால், அவனைத் தப்பு சொல்ல முடியாது.

இந்த ஊரிலிருந்து பார்க்கும்போது, அமெரிக்காவில் நடக்கிற ஒரு விவாதம் கொஞ்சம் வேடிக்கையாகவும் கொஞ்சம் பொறாமையாகவும் இருக்கிறது. 'பல்கலைக்கழகம் தன் வளாகத்துக்குள்ளேயே ஒரு ஃபுட்பால் ஸ்டேடியம் கட்டலாமா, கூடாதா?' இதுதான் அங்கே சண்டை. ஃப்ளோரிடா மாநிலம் டாம்பா நகரில் இருக்கும் சவுத் ஃப்ளோரிடா பல்கலைக்கழகம், பல வருடங்களாக ஊரில் இருக்கும் ரேமண்ட் ஜேம்ஸ் ஸ்டேடியத்தில்தான் ஆடிக்கொண்டிருந்தது. இப்போது சொந்த வளாகத்தில் 35,000 பேர் உட்காரும் அரங்கம் கட்ட முடிவு செய்து வேலையையும் ஆரம்பித்துவிட்டார்கள். செலவு சுமார் 35 கோடி டாலர். நம்ம பணத்தில் ஏறக்குறைய மூவாயிரம் கோடி ரூபாய். அதில் ஒரு பெரிய பங்கு கடன்.

ஒரு சின்ன விஷயம்: அவர்கள் சொல்லும் ஃபுட்பால், நீள்வட்டப் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிற ஆட்டம். காலுக்கு அதில் வேலை குறைவு. ஒரு சீசனில் சொந்த ஊரில் ஆடும் மேட்ச் ஆறோ ஏழோதான். அந்த ஆறேழு நாளுக்காக இவ்வளவு பணமா என்று கேட்பவர்கள் அங்கேயும் இருக்கிறார்கள். மின்னசோட்டா பல்கலைக்கழகம் 2009-ல் வளாக ஸ்டேடியம் திறந்தபோது, செலவில் ஒரு பங்கு மாணவர்களின் கட்டணத்திலிருந்தும் போனது. தலைக்கு வருடத்துக்கு 25 டாலர், மேட்ச் பார்க்கிறவருக்கும் அதுதான், பார்க்காதவருக்கும் அதுதான். பிலடெல்பியாவில் டெம்பிள் பல்கலைக்கழகம் இதே ஆசையில் இறங்கியபோது, சுற்றுவட்டாரத்தில் குடியிருந்தவர்கள் 'எங்க தெருவுக்குள்ளே எதுக்கு இந்தக் கூட்டம்?' என்று எதிர்த்து நின்றார்கள். அந்தத் திட்டம் அப்படியே நின்றுபோனது.

சரி, இதை நம்ம பக்கம் திருப்பிப் பார்ப்போம். ராமநாதபுரம், சிவகங்கை இரண்டு மாவட்டக் கல்லூரிகளுக்கும் தாய்ப் பல்கலைக்கழகம் காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகம். 1985-ல் பல்கலைக்கழகம் ஆனது. கமுதி பசும்பொன் தேவர் கல்லூரி மாணவனுக்கும் பட்டம் அங்கிருந்துதான் வருகிறது. வள்ளல் அழகப்பச் செட்டியார் புண்ணியத்தில் இடத்துக்குப் பஞ்சமில்லாத வளாகம். உடற்கல்விக்கென்றே ஒரு கல்லூரியும் உள்ளே இருக்கிறது. அங்கே கேலரி, ஃப்ளட்லைட் எல்லாம் வைத்து ஒரு ஃபுட்பால் ஸ்டேடியம் கட்டினால் எப்படி இருக்கும்? (யாரும் அறிவித்துவிட்டார்கள் என்று ஃபார்வர்டு செய்துவிடாதீர்கள். இது நம்ம கேள்வி.)

ஆசைப்படக் காரணம் இருக்கிறது. பக்கத்தில் கேரளாவைப் பாருங்கள். மலப்புறம் மாவட்டம் தேஞ்ஞிப்பாலத்தில் கோழிக்கோடு பல்கலைக்கழக வளாகத்திலேயே ஸ்டேடியம் இருக்கிறது, முன்னாள் முதல்வர் சி.எச்.முகமது கோயாவின் பெயரில். பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான அகில இந்தியக் கால்பந்துக் கோப்பையான சர் அசுதோஷ் முகர்ஜி கோப்பையைப் பலமுறை தூக்கிக்கொண்டு போன பல்கலைக்கழகம் அது. ஆனால், அங்கே ஸ்டேடியத்தால் ஃபுட்பால் வளர்ந்ததா, ஃபுட்பாலால் ஸ்டேடியம் வந்ததா என்று கேட்டால், என் ஓட்டு இரண்டாவதுக்குத்தான். மலப்புறத்தில் அறுவடை முடிந்த வயலில் ஆளுக்கு ஏழு பேராக இறங்கி ஆடும் 'செவன்ஸ்' ஆட்டத்துக்கு ஊரே திரண்டு வரும். அந்தப் பசங்கதான் பிறகு பல்கலைக்கழக ஜெர்ஸி போடுகிறார்கள்.

இன்னும் பக்கத்தில் ஓர் உதாரணம் உண்டு, நம்மில் பலருக்கு அது தெரிந்திருக்காது. மதுரையின் சேது எஃப்.சி. பெண்கள் கால்பந்து அணி. 2016-ல் தொடங்கி, காரியாபட்டி பக்கம் இருக்கும் சேது பொறியியல் கல்லூரியின் ஆதரவோடு வளர்ந்தது. கமுதியிலிருந்து காரியாபட்டிக்குச் சுமார் ஐம்பது கிலோமீட்டர்தான். 2019 மே மாதம் லூதியானாவில் நடந்த இந்தியப் பெண்கள் லீக் இறுதிப் போட்டியில் மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என்று வீழ்த்தி, நாட்டின் சாம்பியன் ஆனது இந்த அணி. கால்பந்தில் மணிப்பூரைத் தோற்கடிப்பது என்றால் என்னவென்று விளையாட்டுப் பக்கம் படிக்கிறவர்களுக்குத் தெரியும். அந்த வெற்றிக்குப் பின்னால் 35,000 சீட் ஸ்டேடியம் எதுவும் கிடையாது. நம்ம வெயிலும் நம்ம செம்மண்ணும் இருக்கிற இந்தச் சுற்றுவட்டாரம்தான்.

இப்போது செலவுக் கணக்குக்கு வருவோம். அரங்கம் கட்டுகிற செலவு ஒருமுறை. புல்லைக் காப்பாற்றுகிற செலவு தினமும். சர்வதேச அளவிலான கால்பந்துக் களம் 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம். 7,140 சதுர மீட்டர். நம்ம கோடையில் புல் உயிரோடு இருக்க நாளைக்கு 5 மில்லிமீட்டர் அளவுக்காவது தண்ணீர் விட வேண்டும் என்று வைத்துக்கொண்டால், ஒரு நாளைக்கு 35,700 லிட்டர் ஆகிறது. கிராமப்புறக் குடிநீருக்கு ஜல் ஜீவன் திட்டம் வைத்திருக்கும் அளவு, ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர். அதாவது, ஒரு மைதானம் குடிக்கிற தண்ணீர் கிட்டத்தட்ட 650 பேருக்கான தண்ணீர். தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கித் தண்ணீருக்கு நடக்கும் பெண்களைப் பார்த்து வளர்ந்த மாவட்டத்துக்கு இந்த எண்ணை விளக்க வேண்டியதில்லை.

'செயற்கைப் புல் போட்டுக்கலாமே' என்பீர்கள். போடலாம். ஆனால், அது எட்டு, பத்து வருடத்தில் தேய்ந்துபோகும், மறுபடி முதலிலிருந்து செலவு. அதைவிடப் பெரிய பிரச்னை வெயில். அமெரிக்காவின் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் கோடையில் அளந்து பார்த்தபோது, செயற்கைப் புல்லின் மேற்பரப்பு 60 டிகிரி செல்சியஸையும் தாண்டிப் போனது. கமுதி வெயில் எப்படிப்பட்டது என்பதற்கு ஊருக்கு வெளியே சாட்சியே இருக்கிறது. 2016-ல் இங்கே திறக்கப்பட்ட 648 மெகாவாட் சூரிய மின் நிலையம், அப்போது ஒரே இடத்தில் அமைந்தவற்றில் உலகிலேயே மிகப் பெரியது என்று பேசப்பட்டது. 2,500 ஏக்கர். (ஒரு கால்பந்து மைதானத்துக்குச் சுற்றி விடும் இடத்தோடு சேர்த்து இரண்டரை ஏக்கர் போதும். வகுத்துப் பார்த்தால் ஆயிரம் மைதானம் வருகிறது. சும்மா ஒரு கணக்குக்குச் சொன்னேன்.)

பணம் எங்கிருந்து வரும் என்பது அடுத்தது. 2024 பிப்ரவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குகளை வருமான வரித் துறை முடக்கியது நினைவிருக்கலாம். அதே காலகட்டத்தில் மதுரை காமராஜர் பல்கலைக்கழகத்தில் சம்பளமும் ஓய்வூதியமும் நேரத்துக்கு வராமல் ஊழியர்கள் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். மாநிலப் பல்கலைக்கழகங்களின் நிலைமை இப்படி இருக்கும்போது, எந்தப் பல்கலைக்கழகமாக இருந்தாலும் கேலரிக்குக் கான்கிரீட் போடுவதற்கு முன் நாலு முறை யோசிக்கத்தான் வேண்டும்.

அதற்காக, 'விளையாட்டெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம், முதல்ல படிப்பு' என்று முடித்துவிடுகிறவர்களோடும் எனக்கு ஒத்துப்போகாது. அவர்கள் கவனிக்காத ஒன்று இருக்கிறது. தமிழக அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவிகித இடஒதுக்கீடு இருக்கிறது. பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிகளில் சாதித்தவர்களுக்கு அந்தப் பாதையில் தனிச் சான்றிதழ் படிவமே உண்டு. கமுதியில் விவசாயக் கூலி வீட்டிலிருந்து முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வருகிற ஒருவனுக்கு, பல்கலைக்கழக அணியில் இடம் என்பது வெறும் பொழுதுபோக்கு கிடையாது. ஒரு குடும்பத்தின் கணக்கையே மாற்றக்கூடிய காகிதம் அது.

அந்த இடத்துக்கு அவன் எப்படிப் போகிறான்? காரைக்குடி சாலை வழியே ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். காலை செலெக்‌ஷன் என்றால் இருட்டோடு பஸ் பிடிக்க வேண்டும். அங்கே போய் இறங்கினால், சுண்ணாம்புக் கோடு போட்ட முழு அளவு மைதானம், வலை கட்டிய 7.32 மீட்டர் அகல கோல் போஸ்ட், ஆளுக்கு ஒரு ஸ்டட் ஷூ. கண்மாய்க்குள் ஏழுக்கு ஏழு ஆடிப் பழகியவனுக்கு 105 மீட்டர் என்பது வேறு தேசம். எங்கே நிற்பது, எப்போது ஓடுவது, ஆஃப்சைடு கோடு எங்கே என்பதெல்லாம் அங்கேதான் முதன்முதலாகத் தெரியும். இருபது நிமிட ட்ரையலில் அவன் திறமையா வெளியே வரும்? திகைப்புதான் வரும். காரைக்குடியில் கேலரி எவ்வளவு உயரமாக இருந்தாலும் இந்த இருபது நிமிடத்தை அது மாற்றப்போவதில்லை.

பெண் பிள்ளைகளின் கதை இன்னும் ஒரு படி கீழே. பையன்களுக்காவது கண்மாய் இருக்கிறது. முட்காட்டுக்கு நடுவே, கழிப்பறை இல்லாத, உடை மாற்ற இடம் இல்லாத ஒரு குளத்துக்குள் மகளை அனுப்ப எந்த அம்மாவுக்கும் மனசு வராது. அபிராமம், பெருநாழி, மண்டலமாணிக்கம் என்று சுற்றுக் கிராமங்களிலிருந்து வரும் மாணவிகளுக்கு மாலை ஐந்து மணிக்குப் பயிற்சி என்றால் பயிற்சியைவிட பஸ்தான் பெரிய கவலை. லூதியானாவில் கோப்பை தூக்கிய அணி ஐம்பது கிலோமீட்டர் தள்ளி வளர்ந்திருக்கிறது. கமுதிப் பெண் ஒருத்தி அதைப் பார்த்து 'நானும்' என்று கிளம்பினால், அவளுக்கு முதலில் தேவை இரண்டு அறை, ஒரு தண்ணீர்க் குழாய், சுற்றிலும் வேலி. இதற்கெல்லாம் எத்தனை கோடி வேண்டும்?

அதனால் என் பதில் இதுதான். காரைக்குடியில் பெரிய கேலரி இப்போதைக்கு வேண்டாம். பல்கலைக்கழகத்திடம் ஐந்து கோடியோ, பத்து கோடியோ விளையாட்டுக்கென்று சேர்ந்தால், அதைக் கமுதி, முதுகுளத்தூர், பரமக்குடி, திருவாடானை என்று இணைவு பெற்ற கல்லூரிகள் இருக்கும் ஊர்களில் பிரித்துப் போடட்டும். ஒவ்வொரு இடத்திலும் மண்ணைச் சமன்செய்த ஒரு முழு அளவுக் களம், மழைத் தண்ணீர் தேங்காமல் ஓட வடிகால், இரும்பு கோல் போஸ்ட், இரண்டு அறை. புல்கூட வேண்டாம். நல்ல செம்மண் களத்தை ரோலர் விட்டு, தண்ணீர் தெளித்து வைத்தாலே ஆடலாம். மண் தரையில் ஆடி வந்த நல்ல ஆட்டக்காரர்கள் இந்தியாவில் எக்கச்சக்கம்.

'அரசுதான் தொகுதிக்கு ஒரு மினி ஸ்டேடியம் என்று சொல்லியிருக்கிறதே' என்று கேட்கலாம். நல்ல திட்டம்தான். ஆனால், கமுதி இருப்பது முதுகுளத்தூர் தொகுதியில். கமுதி, முதுகுளத்தூர், கடலாடிப் பகுதிகள் எல்லாம் சேர்ந்த பெரிய தொகுதி அது. ஒன்றே ஒன்று வந்தால் அது ஏதாவது ஒரு ஊரில்தான் இருக்கும், மற்ற ஊர்ப் பசங்க மறுபடி பஸ் ஏற வேண்டும். மாவட்டத் தலைநகரில் சீதக்காதி சேதுபதி விளையாட்டரங்கம் இருக்கிறது, கமுதியிலிருந்து அதுவே ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். கல்லூரி மைதானம் என்றால், தினமும் வரும் இடத்திலேயே இருக்கிறது.

எனக்கு ஒரே ஒரு பயம், சாவியைப் பற்றி. கல்லூரி வளாகத்துக்குள் எதைக் கட்டினாலும் முதலில் வருவது கேட்டும் பூட்டும்தான். மாலை வகுப்பு முடிந்ததும் வாட்ச்மேன் பூட்டிவிட்டால், சனி ஞாயிறு திறக்கவே இல்லை என்றால், கோடை விடுமுறையில் இரண்டு மாதம் களத்தில் முள் முளைத்தால், புது மைதானத்துக்கும் கண்மாய்க்கும் என்ன வித்தியாசம்? கண்மாயாவது யாரையும் 'ஐ.டி. கார்டு எங்கே?' என்று கேட்காது. ஆகவே பல்கலைக்கழகம் பணம் கொடுக்கும்போதே, எத்தனை மணிக்குத் திறப்பது, எத்தனை மணிக்கு மூடுவது, ஊர்ப் பிள்ளைகளுக்கும் பள்ளி மாணவிகளுக்கும் எந்தெந்த நாள், ரோலர் ஓட்டுகிறவருக்கும் சுண்ணாம்புக் கோடு போடுகிறவருக்கும் சம்பளம் யார் கணக்கில் என்பதை எழுதி வாங்கி, அந்தத் தாளை கேட்டிலேயே ஒட்டிவிட வேண்டும். பள்ளி ப்ளஸ் டூ படிக்கும் பொண்ணு ஒருத்தி வந்து அதைப் படித்துவிட்டு, 'செவ்வாய்க்கிழமை எங்களோடது, கேட்டைத் திறங்க அண்ணே' என்று வாட்ச்மேனிடம் கேட்கும்படி, பெரிய எழுத்தில், தமிழில்.