‘அதையே நினைக்காதே’ என்னும் அறிவுரை

விபத்தில் உயிர் தப்பியவரிடமும், வன்கொடுமைக்கு ஆளான பெண்ணிடமும், போரில் பிள்ளையைப் பறிகொடுத்தவரிடமும் தவறாமல் சொல்லப்படும் ஒரு வாசகம் உண்டு: “அதையே நினைச்சுக்கிட்டு இருக்காத, நாளானா எல்லாம் சரியாயிடும்.” உறவினர் சொல்கிறார்கள், அக்கம்பக்கத்தார் சொல்கிறார்கள், சில மருத்துவர்களும் சொல்கிறார்கள். சொல்பவர்களின் நல்லெண்ணத்தைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. ஆனால் 1980இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் பி.டி.எஸ்.டி. (அதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சல் நோய்) என்று பெயரிட்ட நோயைப் பற்றி நடந்துள்ள ஆராய்ச்சிகளைப் படித்தால், இந்த அறிவுரை வெறுமனே பயனற்றது என்று சொல்லி விட்டுவிட முடியாது. எந்தக் காரியம் நோயை நீடிக்க வைக்கிறதோ, அதையே செய்யச் சொல்கிறது இது.

லாரி மோதிப் பிழைத்த ஒருவர் முதலில் அந்தச் சாலையைத் தவிர்க்கிறார். பிறகு பைக்கைத் தொடுவதில்லை. அப்புறம் ஹாரன் சத்தம் கேட்டாலே ஜன்னலைச் சாத்துகிறார், விபத்துச் செய்தி வந்தால் டி.வி.யை அணைக்கிறார். தவிர்த்தவுடன் படபடப்பு அடங்குகிறது. கிடைத்த அந்த நிம்மதியே அடுத்த முறையும் தவிர்க்கத் தூண்டுகிறது. ஆபத்து முடிந்துவிட்டது என்பதை உடல் தெரிந்துகொள்ள வாய்ப்பே கிடைப்பதில்லை. சாலை விபத்தில் சிக்கி ஆக்ஸ்ஃபோர்டு மருத்துவமனைக்கு வந்த 967 பேரைத் தொடர்ந்து கவனித்து, ஆங்க எலர்ஸும் உடன் பணியாற்றியவர்களும் 1998இல் முடிவுகளை வெளியிட்டார்கள். மூன்று மாதத்தில் சுமார் 23 விழுக்காட்டினருக்கு இந்நோய் இருந்தது. ஓராண்டில் அது ஏறத்தாழ 16.5 ஆகக் குறைந்தது. அதாவது, காலம் சிலரைக் குணப்படுத்துகிறது, உண்மைதான். குணமாகாமல் தங்கிவிட்டவர்கள் யார் என்பதே கேள்வி. நினைவு தலைதூக்கும்போதெல்லாம் வலிந்து அமுக்கப் பார்ப்பது, நோய் நீடிப்பதற்கான அடையாளங்களில் ஒன்றாக அந்த ஆய்வில் தெரிந்தது. ‘எனக்கு மட்டும் ஏன் இப்படி’ என்று ஓயாமல் உள்ளுக்குள் அரைத்துக்கொண்டிருப்பது இன்னொன்று. இந்த இரண்டாவதைப் பார்த்துத்தான் சுற்றத்தார் ‘அதையே நினைக்காதே’ என்கிறார்கள் போலும். ஆனால் அப்படி அரைப்பவர் நடந்த சம்பவத்தை நேராகப் பார்ப்பதில்லை. அதைச் சுற்றிச் சுற்றி வருகிறார், அவ்வளவுதான். நாளானால் எல்லாருக்கும் சரியாகிவிடும் என்பதற்கும் ஆதாரமில்லை: 1995இல் ரொனால்ட் கெஸ்லர் குழு வெளியிட்ட அமெரிக்க நாடு தழுவிய ஆய்வில், இந்நோய் கண்டவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் பல ஆண்டுகள் கழித்தும் மீளவில்லை.

எட்னா ஃபோவா வகுத்த சிகிச்சை இந்த அறிவுரைக்கு நேர் எதிரான வழியில் போகிறது. நோயாளி கண்களை மூடி, நடந்ததை இப்போது நடப்பதுபோல் நிகழ்காலத்தில் சொல்கிறார். பதற்றம் எவ்வளவு என்று சிகிச்சையாளர் இடையிடையே கேட்க, பூஜ்யத்திலிருந்து நூறுக்குள் ஓர் எண்ணைச் சொல்கிறார். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. பதிவு செய்ததை வீட்டில் தினமும் கேட்கிறார். ஒதுக்கி வைத்திருந்த இடங்களுக்குப் படிப்படியாகப் போய் வருகிறார். அமெரிக்கப் படைகளில் பணிபுரிந்த 284 பெண்களை வைத்து 2007இல் வெளியான பரிசோதனையில், இந்தச் சிகிச்சை பெற்றவர்களில் 41 விழுக்காட்டினர் நோய் வரையறையிலிருந்து வெளியே வந்தார்கள். அன்றாடப் பிரச்சினைகளை மட்டும் பேசும் ஆலோசனை பெற்றவர்களில் சுமார் 28 விழுக்காட்டினர். பிரமாதமான எண் இல்லைதான். ஆனால் ஆறுதலான பேச்சு இரு பக்கமும் இருந்தது. பழையதைத் தொட்டது ஒரு பக்கம் மட்டும்தான்.

‘பேச வைப்பது கெடுதல் என்று ஆராய்ச்சியே சொல்கிறதே’ என்று விவரம் தெரிந்தவர்கள் மடக்குவார்கள். அவர்கள் காட்டும் ஆதாரம் வலுவானதுதான். 1997இல் ஜோனதன் பிசன் குழு தீக்காயம் பட்டவர்களிடம் செய்த ஆய்வில், சில நாட்களுக்குள் ஒரே அமர்வில் எல்லாவற்றையும் சொல்ல வைக்கப்பட்டவர்களில் 26 விழுக்காட்டினருக்குப் பதின்மூன்று மாதம் கழித்து இந்நோய் இருந்தது. அப்படிப் பேச வைக்கப்படாதவர்களில் 9 விழுக்காட்டினருக்கே இருந்தது. பேரிடர் நடந்த மறுநாளே நோட்டுப்புத்தகத்தோடு போய் நிற்கும் ஆர்வலர்கள் இதை அவசியம் படிக்க வேண்டும். ஆனால் அது நோய் வராதவரையும் சேர்த்து, ஒரே ஒரு முறை கிளறிவிட்டுப் போவது. நான் சொல்வது மாதக்கணக்கில் தூக்கமின்றித் தவிப்பவர் தாமே சம்மதித்து, பயிற்சி பெற்ற ஒருவரின் துணையோடு வாரக்கணக்கில் செய்வது. இரண்டையும் ஒன்றாக்குவது வாதத்துக்கு வசதி, நோயாளிக்கு நஷ்டம்.

‘இதெல்லாம் வெள்ளைக்காரர்களுக்கு, நம் மக்களுக்கு ஒத்துவராது’ என்பது அடுத்தது. உகாண்டாவின் இம்வெபி குடியிருப்பில் தங்கியிருந்த 43 சூடான் அகதிகளிடம் ஃபிராங்க் நாய்னர் குழு செய்த பரிசோதனை 2004இல் வெளியானது. பிறந்ததிலிருந்து தம் வாழ்க்கைக் கதையை வரிசையாகச் சொல்ல வைக்கும் சிகிச்சை அது; இன்று அம்முறையில் தரையில் ஒரு கயிற்றை நீட்டி, நல்ல நிகழ்வுக்குப் பூவும் கொடிய நிகழ்வுக்குக் கல்லும் வைக்கிறார்கள். நான்கே அமர்வுகள். ஓராண்டு கழித்து இந்தச் சிகிச்சை பெற்றவர்களில் 29 விழுக்காட்டினருக்கு மட்டுமே நோய் எஞ்சியிருந்தது. பொதுவான ஆலோசனை பெற்றவர்களில் 79. சுனாமிக்குப் பிறகு இலங்கையின் வடகிழக்கில் 31 தமிழ்ச் சிறுவர் சிறுமியரிடம் இதே முறையும் தியானமும் ஒப்பிடப்பட்டன. இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு பலன் தந்தன. அமைதிப் பயிற்சி வேண்டாம் என்று வாதிட இதில் இடமில்லை. சொன்னால் பிள்ளைகள் உடைந்துபோவார்கள் என்று பயப்படவும் இடமில்லை.

எதிர்ப்புகளில் எனக்குக் கனமாகத் தெரிவது வேறொன்று. மேற்சொன்ன அமெரிக்கப் பரிசோதனையில் நினைவை எதிர்கொள்ளும் சிகிச்சையைப் பாதியில் விட்டவர்கள் 38 விழுக்காடு, மற்றதில் 21. ஆரம்பத்தில் சிலருக்குத் தொல்லை கூடவும் செய்கிறது. அவர்களை எப்படித் தக்கவைப்பது, யாருக்கு வேறு வழி தருவது என்று ஆராய்ச்சியாளர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். போட வேண்டிய சண்டை அதுதான். ‘மறந்துவிடு’ என்பவர்களோ அந்தச் சண்டைக்கே வருவதில்லை, ஒரு தூக்க மாத்திரையைக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அதிர்ச்சிக்கு உள்ளானவர்களுக்கு முதல் மாதத்தில் பென்சோடயஸெபின் வகைத் தூக்க மாத்திரைகளைத் தர வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2013இலேயே எழுதிவிட்டது.