புல்லு வெட்டுற மிஷினும் ஒரு செப்புக் கம்பியும்

மூணு வாரமா இந்தப் பக்கம் தலை காட்டல. ஆபீஸ்ல ஆணி அதிகம்னு நினைச்சிருப்பீங்க. ஆணி எப்பவும் போலத்தான். நான் காணாமப் போனதுக்குக் காரணம் தண்ணி. (அந்தத் தண்ணி இல்லீங்க, பழவேற்காடு ஏரித் தண்ணி!)

என் கூட காலேஜ்ல படிச்ச நண்பனோட சித்தப்பாவுக்கு பழவேற்காடுதான் ஊர். ஒரு 16 அடி ஃபைபர் படகு வச்சிருக்கார். ஏரிக்குள்ள வலை போட்டு எடுக்கறதுக்கு மட்டும் போதுமான படகு. ஏரியில பல இடத்துல ஆழம் இடுப்பளவுதான், அதனால மூங்கில் கழிய ஊன்றித் தள்ளியே போயிடுவார். போன வருஷம் அவருக்குத் தோள்பட்டை போயிடுச்சு. கழிய ஊன்ற முடியல. கம்பெனி மோட்டார் விலை கேட்டா படகையே வித்தாத்தான் கட்டும் போல இருக்கு. நண்பன் என்கிட்ட புலம்பினான். நானும் சும்மா இல்லாம, "நாமளே செஞ்சுடலாம்டா" அப்படின்னு வாய விட்டுட்டேன். இஞ்சினியர் ஆச்சே!

நான் படிச்சது இஞ்சினியரிங்தான், ஆனா பொழைப்பு பொட்டி தட்டுறது. நாலு வருஷப் படிப்புல கையால ஒரு நட்டு முறுக்கினது வொர்க்ஷாப் பரிட்சையில மட்டும்தான். அந்தத் தைரியத்துல இறங்கினேன்.

தோட்டத்துல புல்லு வெட்டுற பிரஷ் கட்டர் பாத்திருப்பீங்க. தோள்ல மாட்டிக்கிட்டு, நீளமான குழாய், முனையில கத்தி சுத்தும். நான் பழசா ஒண்ணு வாங்கினேன், 52 சிசி டூ ஸ்ட்ரோக். காகிதத்துல சுமார் ரெண்டு குதிரைத்திறன். கொஞ்சம் யோசிச்சா இது பாதி படகு மோட்டார். எஞ்சின் காத்துல குளிர்றதால தண்ணி பம்ப் தேவையில்ல. நீளக் குழாய் இருக்கு. உள்ள சுத்துற தண்டு இருக்கு. முனையில பல்சக்கரப் பெட்டி இருக்கு. கத்திய கழட்டிட்டு ப்ரொப்பெல்லர் மாட்டினா முடிஞ்சது கதை. தாய்லாந்துல நீளவால் படகுன்னு ஓட்டுறாங்களே, அதே தத்துவம்தான். அங்க கார் எஞ்சினையே படகு மேல ஏத்தி, நீளத் தண்டு போட்டு ஓட்டுறாங்க.

ரெண்டு குதிரைத்திறன் போதுமான்னு கேட்டா, போதும். தண்ணிய ஒதுக்கிக்கிட்டுப் போற சாதாரணப் படகுக்கு ஒரு இயற்கையான வேக எல்லை உண்டு. தண்ணியில படுற நீளத்தோட (அடியில) வர்க்கமூலத்தை 1.34ஆல பெருக்கினா அந்த வேகம் நாட்டிக்கல் மைல்ல வரும். 16 அடிக்கு சுமார் 5.4, அதாவது மணிக்கு 10 கிலோமீட்டர். அதுக்கு மேல போகணும்னா சக்தி கண்டபடி எகிறும். சித்தப்பாவுக்கு ரேஸ் விட வேண்டிய அவசியம் இல்ல.

கணக்கெல்லாம் சரி, கை வேலைதான் காலை வாரிச்சு. பொன்னேரி லேத் பட்டறையில அரை நாள் போச்சு ஒரு நட்டுக்காக. அந்தக் கத்திய பிடிச்சிருக்கற நட்டு இடது மரை! நான் வழக்கமான பக்கம் திருப்பித் திருப்பி அதை இன்னும் இறுக்கிக்கிட்டே இருந்தேன். லேத்காரர் அண்ணன் ஒரு வார்த்தை பேசாம வாங்கி எதிர்ப்பக்கம் ஒரு தட்டு தட்டினார், கழண்டுச்சு. என் டிகிரி சர்டிஃபிகேட் அங்கயே கண்ணீர் விட்டுச்சு.

அடுத்து ப்ரொப்பெல்லர். பெருசா இருந்தா நல்லா தள்ளும்னு 9 இஞ்சு மாட்டினேன். எஞ்சின் முக்கிச்சு, கிளட்ச் கருகுற வாசனை வந்துச்சு. அப்புறம்தான் உக்காந்து படிச்சேன். ஒரே வேகத்துல சுத்துற ஒரே மாதிரி ப்ரொப்பெல்லருக்கு வேணுங்கற சக்தி, விட்டத்தோட அஞ்சாம் படியில ஏறும். 7 இஞ்சை 9 இஞ்சு ஆக்கினா ரெண்டு இஞ்சுதானேன்னு தோணும், ஆனா கேக்கற சக்தி மூணரை மடங்கு. கம்பெனி படகு மோட்டார்ல கியர் வேகத்தைச் சுமார் பாதியாக் குறைச்சிடும், அதனால பெரிய ப்ரொப்பெல்லரை நிதானமா சுத்தலாம். புல்லு வெட்டுற மிஷின் கியர் அவ்வளவு குறைக்காது. அதனால நமக்குச் சின்னதுதான் சரி. 7 இஞ்சுக்கு இறங்கினதும் படகு நகர ஆரம்பிச்சுது. சித்தப்பா முகத்துல வந்த சிரிப்ப எழுத எனக்கு வரல, விட்டுடறேன்.

முதல் நாள் சாயங்காலம் பெட்டியத் திறந்தா கிரீஸ் மோர் மாதிரி வெள்ளையாயிருந்துச்சு. உப்புத் தண்ணி உள்ள போயிருக்கு. புல்லு மேல வேலை செய்யப் பிறந்த பெட்டி, தண்ணிக்குள்ள மூச்சு விடத் தெரியல பாவம். ஆயில் சீல் போட்டு அதையும் சரி பண்ணியாச்சு.

சரி, விஷயத்துக்கு வர்றேன். இவ்வளவு நேரம் சொன்னது பெருமை. இனிமே சொல்லப்போறது அசிங்கம்.

பிரஷ் கட்டர்ல விரலால அமுக்கற விசை ஒண்ணு இருக்கும். அமுக்கினா வேகம், விட்டா ஸ்பிரிங் இழுத்து மெதுவாயிடும். மெதுவானதும் உள்ள இருக்கற கிளட்ச் தானா விட்டுக்கும், டிவிஎஸ் எக்ஸ்எல் வண்டியில இருக்கற மாதிரி. எஞ்சின் ஓடிக்கிட்டிருக்கும், கத்தி நின்னுடும். ஆள் தடுக்கி விழுந்தா கை தானா விசைய விடும், கத்தி அவன் கால வெட்டக்கூடாது. அதுக்குத்தான் அந்த ஏற்பாடு.

விசைய அமுக்கிக்கிட்டே இருந்தா கை வலிக்குது. நான் என்ன பண்ணேன்? ஒரு துண்டு செப்புக் கம்பிய எடுத்து விசைய அமுக்கின நிலையில கட்டிட்டேன். சூப்பர் ஐடியான்னு எனக்கு நானே சபாஷ் வேற. எஞ்சினை அணைக்கற சுவிட்ச் ஒயர், எல்லாத்தையும் மாத்தி மாட்டும்போது அறுந்து போயிருந்துச்சு. சோக்கை இழுத்தா அணையுதே, அப்புறம் பாத்துக்கலாம்னு விட்டாச்சு.

அடுத்த ஞாயிறு நான் தனியா ஓட்டினேன். சித்தப்பா கொஞ்ச தூரத்துல இன்னொருத்தர் படகுல இருந்தார். ஃபோட்டோ எடுக்கலாம்னு எழுந்து நின்னேன். படகு ஒரு ஆட்டு ஆட்டுச்சு, நான் தண்ணியில. இடுப்பளவுதான், சிரிச்சுக்கிட்டே எழுந்தேன். சிரிப்பு நின்னுது. படகு நேரா போகல. பிடிக்க ஆள் இல்லாத மோட்டார் ஒரு பக்கமா திரும்பிக்கும், படகு வட்டமடிக்கும். என் படகு அழகா ஒரு வட்டம் போட்டு என்னையே நோக்கி வந்துச்சு. நகரலாம்னா கால் ரெண்டும் சேத்துல புதைஞ்சிருக்கு. முதல் சுத்துல ரெண்டு கை தூரத்துல தாண்டிப் போச்சு. ரெண்டாவது சுத்துக்குள்ள சித்தப்பா வந்து தன் படகைக் குறுக்க விட்டார். வலிக்கற தோளோட கழியப் போட்டு அதைத் தடுத்து, தாவி ஏறி சோக்கை இழுத்தார்.

திட்டுவார்னு பாத்தேன். திட்டல. "ஏன் தம்பி, மாட்டைப் பூட்டறதுக்கு முன்னாடி மூக்கணாங்கயிறு போட மாட்டாங்களா?" அப்படின்னு மட்டும் கேட்டார்.

ராத்திரி தூக்கம் வரல. ஆபீஸ்ல ஒரு சின்ன மாத்தம் சர்வர்ல ஏத்தணும்னாலும், தப்பாப் போனா எப்படிப் பழைய நிலைக்குத் திரும்பறதுன்னு எழுதி வைக்காம நான் விடமாட்டேன். என் டீம்ல யாராவது அதை எழுதலைன்னா கிழிகிழின்னு கிழிப்பேன். அதே நான் சுத்துற இரும்பைத் தண்ணியில இறக்கும்போது அதை யோசிக்கவே இல்ல.

இந்த மாதிரி வீட்டுத் தயாரிப்பு பத்தி ரெண்டு கட்சி இருக்கு. ஒண்ணு, "இதெல்லாம் ஆபத்து, கம்பெனி சாமான்தான் வாங்கணும்". இன்னொண்ணு, "நம்மாளு மூளையே மூளை, குப்பையில கோபுரம் கட்டுவான்". முதல் கட்சிக்கு என் பதில்: தோள்பட்டை போன மனுஷன்கிட்ட லட்சக் கணக்குல பில் நீட்டறது ஒரு தீர்வு இல்ல. தவிர, ரிப்பேர் ஆனா அவரே கழட்டி மாட்டற மோட்டாருக்கு ஒரு மரியாதை உண்டு. ரெண்டாவது கட்சிதான் எனக்கு இப்ப பயம். ஏன்னா மூணு வாரம் முன்னாடி நானே அதுல உறுப்பினர். அந்தக் கட்சி 'ஓடுச்சா?'ன்னு மட்டும்தான் கேக்கும். ஓடினதும் கை தட்டிட்டுக் கலைஞ்சிடும். எப்படி நிக்கும்னு யாரும் கேக்கறதில்ல.

நாம குப்பையில இருந்து எடுத்த சாமான்ல ஏற்கெனவே ஒருத்தன் அதை யோசிச்சு வச்சிருந்தான் பாருங்க. கத்திக்காக வச்ச அந்த விசையும் கிளட்சும் ப்ரொப்பெல்லருக்கும் அப்படியே பொருந்தும். நான் ஒரு துண்டு கம்பியால ரெண்டையும் ஒரே நேரத்துல கொன்னேன். செலவு பூஜ்யம், மெனக்கெடல் பூஜ்யம். அதுதான் பயமா இருக்கு.

இப்ப என்ன செஞ்சிருக்கோம்னா, கம்பிய அறுத்தாச்சு. கை வலிக்காம இருக்க, பைக் ஆக்ஸிலேட்டர் மாதிரி முறுக்கற பிடி, விட்டா தானா திரும்பற ஸ்பிரிங்கோட. அப்புறம் இடுப்புல கட்டற கயிறு. ஆள் விழுந்தா கயிறு சுவிட்சை இழுக்கும், எஞ்சின் அணையும். அமெரிக்காவுல 26 அடிக்குக் குறைஞ்ச, சுமார் 3 குதிரைத்திறனும் அதுக்கு மேலும் உள்ள பொழுதுபோக்குப் படகுல இந்த வசதி பொருத்தியிருந்தா, ஓட்டறவர் அதை மாட்டிக்கணும்னு 2021 ஏப்ரல்ல இருந்து சட்டமே இருக்கு.

செய்யறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. இந்த எஞ்சின்ல அணைக்கற சுவிட்ச், காயில் ஒயரை எஞ்சின் உடம்போட இணைச்சு, பொறி வராம தடுத்துத்தான் அணைக்குது. அதாவது கயிறு இழுபட்டதும் சுவிட்ச் இணையணும், பிரியக் கூடாது. மாத்தி வாங்கிடாதீங்க. இன்னொண்ணு, ஒயர் அறுந்து போனா எஞ்சின் பாட்டுக்கு ஓடும், சுவிட்ச் சும்மா பொம்மை. அதனால ஒவ்வொரு தடவையும் கரைய விட்டுக் கிளம்பும் முன்னாடி கயிறை இழுத்து அணையுதான்னு பாத்துட்டுத்தான் போகணும். சித்தப்பா இப்ப அதைச் சாமி கும்பிடற மாதிரி தினமும் பண்றார்.

மூணாவது, மிதவைச் சட்டை. இதுக்குத்தான் ரொம்ப சண்டை. "இந்த ஏரியில எனக்கு எதுக்கு?"ன்னார். 2011 டிசம்பர் 25 அன்னிக்கு இதே பழவேற்காட்டுல படகு கவிழ்ந்து 20 பேருக்கு மேல செத்துப் போனாங்க. அதை நான் ஞாபகப்படுத்தல. அவருக்கு என்னை விட நல்லாத் தெரியும். ஒண்ணும் பேசாம ரெண்டு சட்டை வாங்கிப் படகுல போட்டுட்டு வந்தேன். போன வாரம் போனப்ப ஒண்ணு நனைஞ்சிருந்துச்சு. போட்டிருக்கார்!

குறையே இல்லன்னு சொல்ல மாட்டேன். டூ ஸ்ட்ரோக்ல எரியாத பெட்ரோலும் ஆயிலும் வெளிய போகும், சத்தம் காதைக் கிழிக்கும், பறவைங்க வர்ற ஏரி அது. அடுத்தது பேட்டரி மோட்டார்தான்னு நானும் நண்பனும் பேசிக்கிட்டிருக்கோம். இந்தத் தடவை முதல்ல வாங்கப் போறது சுவிட்ச்.

நீங்க வீட்டுல ஏதாவது செஞ்சிருந்தா, அது என்ன, அதை எப்படி நிறுத்துவீங்கன்னு பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க.

டிஸ்கி: அந்தச் செப்புக் கம்பிய தூக்கிப் போடல. ஆபீஸ்ல என் மானிட்டர்ல சுத்தி வச்சிருக்கேன். டீம்ல என்னன்னு கேட்டாங்க. மூக்கணாங்கயிறுன்னு சொன்னேன் :-)