கஞ்சித் தண்ணீரும் கணக்குப் புத்தகமும்

போன மாதம் எங்கள் பென்ஷனர்கள் கூட்டத்தில் நண்பர் ஒருவர் பேசினார். தலைப்பு, தமிழனின் விசுவாசம். 1751ல் ராபர்ட் கிளைவ் ஆற்காட்டுக் கோட்டைக்குள் முற்றுகையில் அகப்பட்டிருந்தபோது அரிசி தீர்ந்துகொண்டு வந்ததாம். நம் சிப்பாய்கள் கிளைவிடம் போய், சோற்றை வெள்ளைக்காரச் சோல்ஜர்களுக்குக் கொடுத்துவிடுங்கள், வடித்த கஞ்சி எங்களுக்குப் போதும் என்றார்களாம். சொல்லும்போதே நண்பருக்குக் கண் கலங்கியது. கூட்டம் கை தட்டியது. நான் தட்டவில்லை. வீடு திரும்பும்போது, "எதைச் சொன்னாலும் உனக்குக் குற்றம்தானாப்பா?" என்று கோபித்துக்கொண்டார். அன்று நான் பேசாமல் வந்துவிட்டேன். பதிலை இங்கே எழுதுகிறேன்.

என் சர்வீஸில் பெரும்பகுதி ஸ்டோர் குமாஸ்தா வேலை. வரவு, பற்று, இருப்பு. ஒரு மூட்டை குறைந்தால் யார் கையெழுத்து என்று பார்ப்பது என் பழக்கம். எந்தக் கதையைக் கேட்டாலும் புத்தி அங்கேதான் போகிறது.

இந்தக் கஞ்சிக் கதையை உலகம் முழுக்கப் பரப்பியவர் மெக்காலே. கிளைவைப் பற்றி 1840ல் அவர் எழுதிய கட்டுரையில் வருகிறது. முற்றுகை முடிந்து 89 வருஷம் கழித்து எழுதியது. அதனால் நடக்கவே இல்லை என்று நான் வாதாட வரவில்லை. நடந்தது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் ஸ்டோர் குமாஸ்தாவுக்கு மூன்று கேள்விகள் உண்டு.

முதல் கேள்வி, மொத்தம் எத்தனை வாய்? கிளைவ் சென்னையிலிருந்து கிளம்பும்போது 200 ஐரோப்பியர், 300 சிப்பாய்கள். ஐம்பது நாள் முற்றுகைக்குப் பிறகு, கடைசித் தாக்குதல் நடந்த அன்று ஆயுதம் பிடிக்கத் தெம்போடு இருந்தவர்கள் 80 ஐரோப்பியர், 120 சிப்பாய்கள். ஆக, பாதிக்கு மேற்பட்ட கோட்டையைக் கஞ்சித் தண்ணீரில் நிறுத்திவிட்டு மீதிப் பேருக்குச் சோறு. மதிலைக் காத்தவர்களில் பெரும்பான்மை யார் என்பதைக் கதை சொல்கிறவர்கள் கூட்டிப் பார்ப்பதில்லை.

இரண்டாம் கேள்வி, ஸ்டோருக்குப் பொறுப்பு யார்? கிளைவ் 1744ல் சென்னைக்கு வந்தது கம்பெனியின் ரைட்டராக. ரைட்டர் என்றால் நம்ம ஜாதி, குமாஸ்தா. ஆற்காட்டுக்குப் போவதற்கு முன்னால் கம்பெனித் துருப்புகளுக்கு உணவுப் பொருள் வாங்கிக் கொடுக்கும் பொறுப்பு அவரிடம் இருந்தது. அதில் அவருக்குக் கமிஷன் உண்டு. நல்ல பணம் பார்த்தார். ஒரு படைக்கு நாளைக்கு எத்தனை படி அரிசி வேண்டும் என்பது அந்தக் காலத்துச் சென்னையில் அவரை விட நன்றாகத் தெரிந்தவர்கள் அதிகம் இருந்திருக்க மாட்டார்கள். அப்படிப்பட்டவரின் கோட்டையில் கணக்கு இடித்தபோது, குறைவு சிப்பாயின் தட்டில் போய் உட்கார்ந்தது.

மூன்றாவதுதான் முக்கியம். வெள்ளைக்காரன் உடம்புக்கு அதிகம் வேண்டும், நம் உடம்புக்கு வடித்த தண்ணீர் போதும் என்று கதையில் வருகிறதே, அதற்கு ஆபீஸ் பாஷையில் ரேஷன் ஸ்கேல் என்று பெயர். அதை மேலிடம் உத்தரவாக எழுதினால் அநியாயம் என்போம். கீழே இருக்கிறவன் தன் வாயாலேயே கேட்டு வாங்கிக்கொண்டதாக எழுதினால் விசுவாசம் என்று கை தட்டுகிறோம். பசித்தவன் விட்டுக்கொடுத்தது பெரிய காரியம்தான், நான் மறுக்கவில்லை. அவன் விட்டுக்கொடுக்க வேண்டிய நிலை ஏன் வந்தது என்று கேட்காமல் அழுவதைத்தான் மறுக்கிறேன்.

கோட்டை என்றதும் நமக்குப் பீரங்கியும் கொடியும் ஞாபகம் வருகின்றன. கோட்டை என்பது முதலில் ஒரு பெரிய அடுப்பு. நெல் வந்தால் மட்டும் போதாது. அதை அவிக்க வேண்டும், காயப்போட வேண்டும், குத்த வேண்டும், புடைக்க வேண்டும். விறகு வேண்டும், நல்ல தண்ணீர் வேண்டும். வண்டி மாட்டுக்குத் தீவனம் வேண்டும். சென்னைக்கு அப்போது துறைமுகமும் கிடையாது. கப்பல்கள் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். ஆணி இல்லாமல் கயிற்றால் பலகைகளைத் தைத்த மசூலா படகில் நம் படகுக்காரர்கள் அலையைத் தாண்டிப் போய், வெடிமருந்திலிருந்து சாராயப் பீப்பாய் வரை கரைக்குக் கொண்டுவந்தார்கள். ஜார்ஜ் கோட்டையின் உயிர் அந்தக் கயிற்றுத் தையலில் தொங்கிக்கொண்டிருந்தது. அவர்களில் ஒருவர் பெயராவது நம் பாடப் புத்தகத்தில் உண்டா?

நான் புதுவையில் பிரெஞ்சு வழியில் படித்தவன். எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த சரித்திரத்தில் கிளைவ் வில்லன், துய்ப்ளேக்ஸ் ஹீரோ. ஆட்கள் இடம் மாறினார்கள், கதையின் அச்சு ஒன்றுதான். லாலி தோற்றது ஏன் என்றால், அவர் முன்கோபி, அதிகாரிகள் ஒத்துழைக்கவில்லை என்று எழுதி மார்க் வாங்கினோம். கோபம் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் கணக்கைப் பாருங்கள்.

லாலி 1758 ஏப்ரலில் புதுச்சேரியில் இறங்கினார். கஜானாவில் பணம் இல்லை, வண்டி இல்லை, மாடு இல்லை. கடலூர்ப் பக்கம் இருந்த செயின்ட் டேவிட் கோட்டையைப் பிடிக்க அவசரம். ஊர் ஜனங்களைப் பிடித்துச் சுமை தூக்க வைத்தார். சாதி பார்க்காமல் எல்லோரையும் சுமக்க வைத்ததுதான் அவர் செய்த தப்பு என்று பல சரித்திரக்காரர்கள் எழுதுகிறார்கள். இதிலும் எனக்கு ஒப்புதல் இல்லை. மேல்சாதிக்காரன் தலையில் மூட்டை ஏறியதால் தப்பு என்றால், தினமும் சுமந்தவன் தலையில் ஏறியது சரியா? எந்தத் தலையானாலும், வலுக்கட்டாயமாகப் பிடித்து ஏற்றியதுதான் தப்பு.

அதே வருஷம் டிசம்பர் 14ம் தேதி லாலியின் படை சென்னைக் கறுப்பர் நகரத்துக்குள் நுழைந்தது. இன்றைய ஜார்ஜ் டவுன், கொருக்குப்பேட்டையிலிருந்து பஸ்ஸில் போய் இறங்கிவிடலாம். சோல்ஜர்கள் முதலில் கண்டுபிடித்தது சாராயம். குடித்துவிட்டுத் தள்ளாடும் நேரம் பார்த்துக் கோட்டைக்குள்ளிருந்து ஆங்கிலேயர் வந்து தாக்கினார்கள். அதற்குப் பிறகு இரண்டு மாதம் பீரங்கிச் சண்டை. வெளியே செங்கல்பட்டுப் பக்கமிருந்து யூசுப் கான், நாம் மருதநாயகம் என்று சொல்கிறோமே அவர், லாலிக்கு வரும் சரக்கை வழிமறித்துக்கொண்டே இருந்தார். 1759 பிப்ரவரியில் ஆங்கிலேயக் கப்பல்கள் கண்ணில் பட்டதும் லாலி முற்றுகையை விட்டுக் கிளம்பினார். அந்த அக்டோபரில் அவருடைய பிரெஞ்சுத் துருப்புகளே மாதக்கணக்கான சம்பளப் பாக்கிக்காகக் கலகம் செய்தன. வந்தவாசித் தோல்வி அதற்குப் பிறகுதான், 1760 ஜனவரியில். வாள் தோற்பதற்கு முன்னால் சம்பளப் பட்டியல் தோற்றுவிட்டது.

கஞ்சிக்காக அழுதவர்கள் கொஞ்சம் கண்ணீரை இதற்கும் மிச்சம் வைக்க வேண்டும். 1760 நவம்பரில் புதுச்சேரியை ஆங்கிலேயர் வளைத்திருந்தார்கள். இருப்பு குறைந்தது. லாலி செய்த சிக்கனம், ஊரிலிருந்த நம் ஜனங்கள் சுமார் 1,400 பேரை வாசலுக்கு வெளியே தள்ளியது. ஆங்கிலேயப் படை அவர்களைப் போக விடவில்லை. திரும்பி வந்தால் கோட்டைக்குள் விடவில்லை. ஒரு வாரம் போல இரண்டு பீரங்கி வரிசைகளுக்கு நடுவே புல்லையும் வேரையும் தின்று கிடந்தார்கள். பிறகுதான் வழி விட்டார்கள். 1761 ஜனவரி 16ம் தேதி பசியால் புதுச்சேரி விழுந்தது. லாலியை 1766ல் பாரிஸில் தலை வெட்டினார்கள். அவருக்காக வால்டேர் வாதாடினார். அந்த 1,400 பேருக்காக வாதாட யாரும் வரவில்லை.

ஆற்காட்டில் கஞ்சி குடித்தவனும் புதுச்சேரி வாசலில் புல் தின்றவனும் ஒரே கணக்கின் இரண்டு பக்கம். இருப்பு குறையும்போது முதலில் கழிக்கப்படுகிறவன் அவன்தான். ஒரு இடத்தில் அதற்கு விசுவாசம் என்று பெயர் வைத்தார்கள். இன்னொரு இடத்தில் பெயரே வைக்கவில்லை.

எங்கள் கொருக்குப்பேட்டை கூட்ஸ் யார்டு பக்கம் காலையில் நடக்கும்போது லோடுமேன்கள் மூட்டை தூக்குவதைப் பார்க்கிறேன். அவர்கள் ஒரு நாள் கூலி பத்தவில்லை என்று வேலையை நிறுத்தினால், ஊருக்கு அரிசி வருவதைத் தடுக்கிறார்கள் என்று பேசுவோம். அரை வயிற்றோடு தூக்கினால் உழைப்பாளி என்று பாராட்டுவோம். மெக்காலே போய் எத்தனையோ காலம் ஆயிற்று. அவர் கதை மட்டும் போகவில்லை.

நண்பருக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். அடுத்த கூட்டத்திலும் ஆற்காட்டுக் கதையைத் தாராளமாகச் சொல்லுங்கள். அந்த 120 பேருக்கும் சோறு ஏன் கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அன்றைக்கு நான்தான் முதலில் கை தட்டுவேன்.