வேகத்துக்கும் ஓர் இடமுண்டு

பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டால் நாளிதழ்களில் ஒரு செய்தி தவறாமல் இடம்பெறும். நள்ளிரவுச் சாலைப் பந்தயம், போலீஸ் சோதனை, பறிமுதல் செய்யப்பட்ட மோட்டார் சைக்கிள்கள். சில நாள்களில் அதே பக்கத்தில் ஓர் இளைஞரின் மரணச் செய்தியும் இருக்கும். "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுப்பில்லை" என்று பெரியவர்கள் அலுத்துக்கொள்கிறார்கள். வேகத்தை விரும்புவதே குற்றம் என்பதுபோல் பேசுகிறார்கள். அதை என்னால் ஏற்க முடியவில்லை. நானும் வேகத்தை விரும்புகிறவன்தான்.

ஆண்டுக்குச் சில வார இறுதிகளைச் சிப்பாங் அனைத்துலகப் பந்தயத் தடத்தில் கழிக்கிறேன். மற்ற நாள்களில் அலுவலகம் சென்று, சம்பளத்தில் மிச்சம் பிடித்து டயர் வாங்கும் சாதாரணப் பொழுதுபோக்குப் பந்தய ஓட்டுநர் நான். வீட்டில் கோப்பை எதுவும் இல்லை. ஆனால், வேகத்தைப் பற்றி அந்தத் தடம் கற்றுக்கொடுத்ததை இப்பக்கத்தைப் படிக்கும் மாணவர்களிடம் சொல்லியாக வேண்டும் என்று தோன்றுகிறது.

1999ஆம் ஆண்டு திறக்கப்பட்ட சிப்பாங் தடத்தின் நீளம் 5.543 கிலோமீட்டர். 15 வளைவுகள். சனிக்கிழமை காலை அங்கே போய்ச் சேர்ந்ததும் யாரும் இயந்திரத்தை முடுக்கிக்கொண்டு பறப்பதில்லை. முதலில் வரிசையில் நிற்க வேண்டும். பிரேக், சங்கிலி, டயர், எண்ணெய்க் கசிவு என்று ஒவ்வொன்றாகச் சோதிப்பார்கள். எண்ணெய் வடிக்கும் திருகாணி கழன்று விழாதபடி கம்பியால் கட்டியிருக்க வேண்டும். பிறகு நம்மையும் சோதிப்பார்கள். தலைக்கவசம், தோலாடை, கையுறை, காலணி, முதுகுக் காப்பு ஆகியவற்றில் ஒன்று குறைந்தாலும் உள்ளே போக முடியாது.

அதன்பின் விளக்கக் கூட்டம். மஞ்சள் கொடி அசைந்தால் முன்னே ஆபத்து, யாரையும் முந்தக்கூடாது. சிவப்புக் கொடி என்றால் ஓட்டம் நிறுத்தப்பட்டது, வேகத்தைக் குறைத்துத் திரும்பி வர வேண்டும். கறுப்புக் கொடியோடு உங்கள் எண்ணைக் காட்டினால், எவ்வளவு வேகமாக ஓட்டிக்கொண்டிருந்தாலும் வெளியே வந்தாக வேண்டும். பத்து ஆண்டு அனுபவம் உள்ளவரும் முதல்முறை வருபவரும் ஒன்றாக உட்கார்ந்து இதைக் கேட்க வேண்டும்.

கடந்த முறை 19 வயதுக் கல்லூரி மாணவர் ஒருவர் வந்திருந்தார். பகுதிநேர வேலை செய்து சேர்த்த பணத்தில் கட்டணம் கட்டியிருந்தார். பரிசோதகர் பின் டயரைத் தடவிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். "தம்பி, இது தேய்ந்துவிட்டது. இன்றைக்கு வேண்டாம்." அந்த மாணவரின் முகம் வாடிவிட்டது. ஆனாலும் வாக்குவாதம் செய்யவில்லை. கோபித்துக்கொண்டு வீட்டுக்கும் போகவில்லை. நாள் முழுவதும் தடுப்புச் சுவரோரம் நின்று, ஒவ்வோர் ஓட்டுநரும் முதல் வளைவுக்கு முன் எங்கே பிரேக் பிடிக்கிறார் என்று பார்த்துக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார். அன்று தடத்தில் நான் கண்ட சிறந்த ஓட்டுநர் அவர்தான் என்பேன்.

அவர் குறிப்பெடுத்தது சரியான இடத்தைத்தான். நேர்ப்பாதையில் கைப்பிடியை முறுக்க யாராலும் முடியும். வளைவுக்கு முன் எவ்வளவு வேகத்தைக் குறைப்பது என்பதில்தான் திறமை இருக்கிறது. இயற்பியல் வகுப்பில் படித்திருப்பீர்கள்: வேகம் இரு மடங்கானால் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகும். ஆக, பிரேக் பிடித்து நிற்கத் தேவைப்படும் தூரமும் ஏறக்குறைய நான்கு மடங்காகும். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவர் ஒரே விநாடியில் சுமார் 28 மீட்டரைக் கடந்துவிடுகிறார். கண் பார்த்து, கை பிரேக்கைத் தொடுவதற்குள் அந்தத் தூரம் போய்விடும்.

தடத்தில் எல்லாரும் ஒரே திசையில் செல்கிறோம். தவறி விழுந்தால் சறுக்கிச் செல்லச் சரளைக்கல் பரப்பு இருக்கிறது. மருத்துவ வண்டி தயாராக நிற்கிறது. அப்படியிருந்தும் ஆபத்து முற்றாக நீங்குவதில்லை. 2011 அக்டோபர் 23ஆம் தேதி, இதே சிப்பாங்கில் நடந்த மோட்டோஜிபி பந்தயத்தில் இத்தாலிய வீரர் மார்கோ சிமோன்செல்லி உயிரிழந்தார். உலகத் தரம் வாய்ந்த வீரர், உலகத் தரம் வாய்ந்த தடம். அங்கேயே அப்படியென்றால், எதிரே லாரி வரும் சாலையில், சந்திலிருந்து கார் திரும்பும் இடத்தில், அரைக்கைச் சட்டையும் சிலிப்பருமாக ஓட்டும் பந்தயத்தை என்னவென்று சொல்வது? மலேசியச் சாலை விபத்துகளில் இறப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள் என்பதை மறந்துவிட முடியாது.

ஆனால், "பந்தயம் ஓட்ட ஆசையா, தடத்துக்குப் போ" என்று சொல்லிவிட்டால் நம் கடமை முடிந்துவிடாது. கட்டணம், தோலாடை, டயர், வண்டியை ஏற்றிச் செல்லும் செலவு எல்லாம் சேர்ந்தால் ஒரு தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளைக்கு எட்டாத தொகை. சாலை இலவசம், தடம் இலவசமில்லை. நள்ளிரவுப் பந்தயத்துக்கு இதுவும் ஒரு காரணம் என்பதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும்.

எட்டாததை எட்டவைக்க முடியும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. 1994இல் தொடங்கிய கப் பிரிக்ஸ் பந்தயம், நம் வீட்டு வாசலில் நிற்கும் கப்சாய் வகை வண்டிகளை அடிப்படையாகக் கொண்டது. அதில் ஓட்டிப் பழகிய ஹாஃபிஸ் ஷாரின், 2018இல் மோட்டோஜிபி உயர்பிரிவில் களமிறங்கிய முதல் மலேசியர் ஆனார். பெரிய இயந்திரம் இல்லாமலே பெரிய பாதை தொடங்க முடியும்.

உயர்கல்விக்கூடங்களில் கால்பந்துக்கும் பூப்பந்துக்கும் கழகங்கள் உள்ளன. மோட்டார் சைக்கிளோட்டத்துக்கும் ஏன் ஒன்று இருக்கக்கூடாது? தோலாடைகளைக் கழகம் வாங்கி மாணவர்களுக்கு மாற்றி மாற்றிக் கொடுக்கலாம். சிறிய கோ-கார்ட் தடத்தில் கப்சாய் வண்டிகளைக் கொண்டே பிரேக் பயிற்சி நடத்தலாம். பழுதுபார்க்கக் கற்கும் தொழிற்கல்லூரி மாணவர்கள் வண்டிகளைச் சோதித்துத் தரலாம். நம் சமூக அமைப்புகள் விருந்து நிகழ்ச்சிகளுக்குச் செலவிடுவதில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்கினால், சில பிள்ளைகளாவது இரவுச் சாலையிலிருந்து பகல் தடத்துக்கு வருவார்கள்.

மாணவர்களே, அதுவரை காத்திருக்கத் தேவையில்லாத ஒன்றும் உண்டு. நாளைக் காலை வகுப்புக்குப் புறப்படும்முன் டயரைத் தடவிப் பாருங்கள். பிரேக்கை அழுத்திப் பாருங்கள். தலைக்கவசத்தின் வாரை இறுக்கிக் கட்டுங்கள். ஏதாவது சரியில்லை என்று பட்டால், அன்று பேருந்தில் செல்லுங்கள். சாலையில் உங்களுக்குக் கொடி காட்ட யாரும் நிற்பதில்லை. அந்தக் கொடி உங்கள் கையில்தான் இருக்கிறது.